மெஸ் நடத்துபவர்களே: டேங்கர், சிலிண்டர், மிச்சச் சோறு – எதில் முதலில் கை வைப்பது?

எஜிபுரா_மெஸ்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் எஜிபுராவில் நானும் வீட்டுக்காரரும் மெஸ் நடத்துகிறோம். காலையில் இட்லி, பொங்கல். மதியம் சாப்பாடு. இரவில் தோசை, சப்பாத்தி. கடையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் போக, பக்கத்து அலுவலகம் ஒன்றுக்கு மதியச் சாப்பாடு கேரியரில் அனுப்புகிறோம். வியாபாரம் குறையவில்லை. கையில் நிற்பதுதான் குறைந்துகொண்டே வருகிறது. கோடை வந்தால் போர்வெல் கைவிரித்துவிடும், அப்புறம் டேங்கர்தான். வணிக சிலிண்டர் விலையை ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறோம்.

இப்போது அந்த அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. தண்ணீர், எரிபொருள், மின்சாரம், உணவுக் கழிவு இதையெல்லாம் எப்படி நிர்வகிக்கிறோம் என்று எழுதித் தர வேண்டுமாம். எங்களுடையது வாடகைக் கட்டடம், மொட்டை மாடி சொந்தக்காரர் கையில். பெரிய முதல் போட வசதியில்லை. எதில் முதலில் கை வைக்கலாம்? படிவத்தில் என்னதான் எழுதுவது?

பெல்லந்தூர்வாசி

அக்கா, படிவத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் ஒரு ஐடி வளாகத்தில் கட்டடப் பராமரிப்பு பார்க்கிறேன், இதே மாதிரிப் படிவத்தை எங்கள் சப்ளையர்களுக்கு அனுப்பும் ஆள் நான்தான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2022-23 நிதியாண்டிலிருந்து, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் நிறுவனங்கள் இந்த மாதிரி அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு கழிவு, எல்லாம் அதில் வரும். அதன் நீட்சிதான் சப்ளையர்களிடம் வந்து நிற்கிறது.

படிவத்தில் அலங்காரமாக எதுவும் எழுத வேண்டாம். அளந்த எண் இருந்தால் போதும். டேங்கர் தண்ணீர் இறங்கும் குழாயில் ஒரு மீட்டர், சிலிண்டர் மாற்றும் தேதிக்கு ஒரு நோட்டு, கழிவுக்கு ஒரு தொங்கு தராசு. இந்த மூன்றும் இல்லாமல் என்ன எழுதினாலும் அது கதைதான்.

முணுமுணுப்பு

நல்லா இருக்கு. சுற்றிலும் கண்ணாடி போட்டு, வெயிலை உள்ளே விட்டு, அந்தச் சூட்டை வெளியேற்ற நாள் முழுக்க ஏசி ஓட்டும் கட்டடங்கள், மெஸ் நடத்தும் அக்காவிடம் தண்ணீர்க் கணக்கு கேட்கின்றன. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கையையும் பாருங்கள். 2022இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். ஓட்டல், கேன்டீன் எல்லாம் சேர்த்தே 28 சதவீதம்தான். முதலில் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள், அப்புறம் மெஸ்ஸுக்கு வரலாம்.

கணக்குப்பிள்ளை

முணுமுணுப்பு சார் சொன்ன எண் சரி. ஆனால் 28 சதவீதம் கொஞ்ச நஞ்சமா? அதுவும் வீட்டில் வீணாவதைத் தடுக்கக் கோடிக்கணக்கானவர்கள் மனசு வைக்க வேண்டும், மெஸ்ஸில் ஒரு ஆள் போதும்.

நான் ஆற்றல் தணிக்கை செய்பவன், ஓட்டல் சமையலறைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். அக்கா கேட்ட தண்ணீர், எரிபொருள், சாப்பாடு மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பத்திகள்தான். 2011 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டில் இதைத்தான் பெரிய அளவில் பேசினார்கள். நம் ஊருக்கு மாநாடெல்லாம் வேண்டாம், காவிரிக் குழாயைப் பார்த்தாலே புரியும். காவிரி நீரேற்று நிலையம் இருக்கும் தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றித்தான் தண்ணீர் இங்கே வருகிறது. ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க, பம்பில் வீணாவதையும் சேர்த்தால் 2 யூனிட் கரண்டு ஆகும். குழாயைத் திறந்தால் கரண்டு சேர்ந்தே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோற்றுக்கு வருவோம். இரவில் பத்து கிலோ சோறு மிஞ்சிக் குப்பைக்குப் போகிறது என்றால், அதில் நாலு கிலோ அரிசி இருக்கும். ஒரு கிலோ அரிசி விளைய வயலில் 2,500 லிட்டர் தண்ணீர் என்பது பரவலாகச் சொல்லப்படும் சராசரி. நாலு கிலோவுக்கு 10,000 லிட்டர். அக்கா வாங்கும் ஒரு பெரிய டேங்கருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதோடு வேகவைத்த கேஸ், கழுவிய தண்ணீர், பரிமாறத் தயாராக வைத்திருந்த ஆள் கூலி. எல்லாம் ஒரே பக்கெட்டில் போகிறது. அதனால் என் பதில்: முதலில் மிச்சச் சோறு, மற்றது அப்புறம்.

முணுமுணுப்பு

> நாலு கிலோவுக்கு 10,000 லிட்டர்

அந்தப் பத்தாயிரம் லிட்டரை அக்காவின் பில்லில் எங்கே காட்டுவீர்கள்? அது ஏதோ ஒரு வயலில் போன தண்ணீர். எஜிபுராவில் டேங்கர்காரர் அதற்கு ஒரு குடம் கூடத் தள்ளுபடி தரமாட்டார்.

கணக்குப்பிள்ளை

உண்மைதான், அந்தத் தண்ணீர் பில்லில் வராது. அரிசி விலையில் வருகிறது. பில்லில் நேராகத் தெரிவது வேண்டுமென்றால் கேஸைச் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு சூடு ஆகுமோ, அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் ஆகும், அதே ஒரு லிட்டரை ஆவியாக்க. மூடி போடாமல் தளதளவென்று கொதிக்கும் சாம்பார் அண்டா மேலே எழுப்பும் ஆவி முழுக்க உங்கள் சிலிண்டர்தான். கொதி வந்தபின் தீயைக் கூட்டினால் பருப்பு சீக்கிரம் வேகாது, ஆவிதான் கூடும். அதிலும் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சென்னையைவிடப் பருப்புக்கு நேரம் கூடத்தான் ஆகும். துவரம்பருப்பைத் திறந்த அண்டாவில் வேகவைப்பவர்கள் பெரிய குக்கருக்கு மாறினால் சிலிண்டர் நோட்டில் அந்த மாதமே தெரியும். அண்டாவுக்குச் சரியான மூடி, அடுப்பு எரியும்போது பக்கவாட்டில் தீ தப்பாமல் இருக்க அண்டாவுக்கேற்ற பர்னர், மாதம் ஒருமுறை பர்னர் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வது. தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கருத்தால் கேஸ் வீணாகிறது என்று அர்த்தம்.

ஸ்ரீராமபுரம்_மாஸ்டர்

மூடி விஷயம் நூற்றுக்கு நூறு. நான் அடுப்படியிலேயே வயசானவன், ஒன்று சொல்கிறேன் தாயி. "கழிவு" என்று மொத்தமாகச் சொல்லாதே. மூன்று பக்கெட் வை. ஒன்றில் காய் நறுக்கிய தோல், காம்பு. இன்னொன்றில் பாத்திரத்தில் மிஞ்சியது. மூன்றாவதில் தட்டிலிருந்து வழித்தது. ஒரு வாரம் தனித்தனியாக எடை போடு. மூன்றும் மூன்று வியாதி, மருந்தும் வேறவேற.

தட்டில் மிஞ்சினால் பரிமாறுவதில் கோளாறு. அளவில்லாச் சாப்பாடு என்று போட்டிருப்பாய், பையன் கை நிறைய அள்ளிக் கொட்டுவான். கரண்டியைச் சின்னதாக்கு. கேட்டுக் கேட்டுப் போடச் சொல். இரண்டு முறை நடந்தாலும் பரவாயில்லை, வாடிக்கையாளருக்கும் கவனிக்கிறார்கள் என்று தோன்றும். கோஸ் பொரியல் தினமும் தட்டிலேயே கிடக்கிறதென்றால் சாப்பிடுகிறவன் மேல் கோபித்துக்கொள்ளாதே, பொரியலை மாற்று.

பாத்திரத்தில் மிஞ்சினால் அது மாஸ்டர் கையில். ஒரே குண்டானில் மொத்தத்தையும் வடிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, பாதியை முதலில், மீதியைக் கூட்டம் பார்த்து இரண்டாகப் பிரித்து ஏற்றணும். மதியம் ஒன்றரைக்கு மேல் பெரிய குண்டான் அடுப்பில் ஏறக் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு கடையில் இதற்காகவே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். நேற்று, போன வாரம் இதே கிழமை எத்தனை சாப்பாடு என்று இரண்டு எண் மட்டும். மாஸ்டர் அதைப் பார்க்காமல் அரிசி அளக்க மாட்டார்.

அப்புறம், மிஞ்சின சோற்றை மூடி வைத்து ராத்திரி தாளித்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வெதுவெதுப்பாகவே கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும்.

அல்சூர்_பழையவர்

மிஞ்சியதை நல்ல நிலையிலேயே கொடுத்துவிடுவதற்கும் வழி இருக்கிறது. உபரி உணவை எப்படிச் சேகரித்துக் கொடுக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிமுறையே போட்டிருக்கிறது. சூடாக இருக்கும்போதே மூடிய பாத்திரத்தில், தேதி நேரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் மெஸ்ஸில் மிஞ்சுவது தெரியவருவது மூன்று மணிக்கு. வண்டி அனுப்புகிறவர்களுக்கு நாலு கிலோவுக்கு வர முடியாது. கல்யாண மண்டபத்துக்குத்தான் அது ஒத்துவரும்.

டேங்கர் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் ஊரே தவித்தபோது மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது நினைவிருக்கும். 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். விலையைப் பார்த்தோம், அளவைப் பார்த்தோமா? எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு டேங்கர், சொன்ன அளவில் எப்போதும் கொஞ்சம் குறைத்தே இறக்கும். தொட்டியில் குச்சி விட்டு அளந்து காட்டியபின்தான் ஒழுங்குக்கு வந்தார்கள். பெல்லந்தூர்வாசி சொன்ன மீட்டரை அக்கா முதல் வாரமே மாட்டிவிடுவது நல்லது.

எஜிபுரா_மெஸ்

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் அண்ணா சொன்ன மூன்று பக்கெட் நாளையிலிருந்து. தண்ணீரில் எங்களுக்குப் பெரிய செலவு பாத்திரம் கழுவுவதுதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் வாழையிலைக்கு மாறிவிடலாம் என்கிறார். தட்டு கழுவும் தண்ணீர் முழுக்க மிச்சமாம். சரியா?

ஓசூர்_தோட்டம்

இலை விற்கிறவனே வந்து சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். முகூர்த்த மாதத்தில் இலைக்கட்டு விலை எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. புயல் காற்று ஒரு நாள் அடித்தால் தோட்டத்தில் முழு இலையே கிடைக்காது. சாப்பிட்டபின் அந்த இலை எங்கே போகும்? மாட்டுக்குக் கொடுக்கவோ உரக்குழியில் போடவோ இடம் இருந்தால் இலைக்கு ஈடு இல்லை. எஜிபுரா சந்தில் அது தினமும் பெரிய மூட்டையாக நிற்கும்.

ஆனால் பேப்பர் தட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். உள்ளே பளபளவென்று பூசியிருப்பது பிளாஸ்டிக், மக்காது.

கணக்குப்பிள்ளை

இலையா தட்டா என்ற சண்டைக்கு முன்னால் குழாயைப் பாருங்கள். சாதாரணக் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் கொட்டும். பாத்திரம் தேய்க்கிறவர் குழாயை மூடாமல் ஒரு மணி நேரம் கழுவினால் 600 லிட்டர். காற்று கலக்கும் மூக்கு, அதாவது ஏரேட்டர், மாட்டினால் அதுவே நிமிடத்துக்கு 3, 4 லிட்டருக்கு வந்துவிடும். 2024 கோடையில் நீர் வாரியம் கடைகள், ஓட்டல்கள், அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அண்டா நிரப்பும் குழாய்க்கு மட்டும் மாட்டாதீர்கள். அங்கே எப்படியும் அதே அளவு தண்ணீர்தான் வேண்டும், நேரம்தான் வீணாகும்.

தட்டு கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் வழித்துப் போடுவது, ரப்பர் வைத்துத் துடைத்து. பிறகு ஒரு தொட்டியில் ஊறல். பிறகு சோப்பு, கடைசியில் மட்டும் ஓடும் தண்ணீர். ஊறல் தொட்டிக்கு ஆர்ஓ இயந்திரம் ஒதுக்கிவிடும் தண்ணீரைப் பயன்படுத்தலாம். உப்பு அதிகமாக இருக்கும், தரை துடைக்க, முதல் அலசலுக்குக் குறை ஒன்றும் இல்லை. அது நேராகச் சாக்கடைக்குப் போகிறது பெரும்பாலான கடைகளில்.

முணுமுணுப்பு

இதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஏரேட்டர் மலிவு, வேலை செய்கிறது. பயோகேஸ் கியோகேஸ் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் இழையை முடித்துவிடலாம்.

பெல்லந்தூர்வாசி

ஆரம்பிக்கிறேன் 😀 எங்கள் வளாகத்தில் இருக்கிறது. ஈரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிசர்கருணா முறை மாதிரியானது. 100 கிலோ ஈரக்கழிவு போட்டால், சுமாராக 4, 5 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமமாக வரும். ஆனால் எலுமிச்சைத் தோல், வெங்காயத் தோல், இலை நார் இதெல்லாம் அதற்கு ஆகாது. தினமும் ஒரே அளவு தீனி வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கணக்குப்பிள்ளை

அக்காவுக்கு அது வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். பயோகேஸ் போட்டுவிட்டால் கழிவு குறைவது நஷ்டம் மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். நாலு கிலோ அரிசியைச் சோறாக்கிக் கெடவிட்டு, அதிலிருந்து அரைக் கிலோ கேஸ் எடுப்பது என்ன வியாபாரம்? வேகவைக்கவே அதில் பெரும்பகுதி செலவாகியிருக்கும்.

அல்சூர்_பழையவர்

மழைநீரை மறந்துவிட்டீர்களே. ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. 30க்கு 40 மனையில் மாடி முழுக்க இருந்தால், வழிந்து வீணாவது போக 85,000 லிட்டர் பிடிக்கலாம். புதிதாகக் கட்டும் 30க்கு 40 வீட்டுக்கே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று 2009இலேயே சட்டம் வந்துவிட்டது.

எஜிபுரா_மெஸ்

ஐயா, மாடி எங்களுடையதில்லையே. சொந்தக்காரரிடம் சோலார் தண்ணீர் ஹீட்டர் பற்றிக் கேட்டதற்கு, "நீங்க காலி பண்ணிட்டா அதை யார் பாக்கிறது" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

இந்த ஊரில் பாதிச் சமையலறைகளுக்கு இதுதான் உண்மையான சிக்கல். முதல் போடுகிறவர் ஒருவர், பலன் அடைகிறவர் இன்னொருவர். அதனால் கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியதில் மட்டும் உங்கள் பணத்தைப் போடுங்கள். மூடி, பர்னர், குக்கர், ஏரேட்டர், மீட்டர், ஃப்ரீசர் கதவு ரப்பர். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் குளிர் வெளியே போகிறது. ஃப்ரீசர் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றுங்கள், பின்பக்கச் சுருளில் எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்த தூசியைத் துடையுங்கள். குழாய், தொட்டி, சோலார் என்று சுவரோடு நிற்பதெல்லாம் குத்தகையைப் புதுப்பிக்கும்போது பேச வேண்டியது. மூன்று வருடம் வாடகை ஏற்றாமல் இருந்தால் ஹீட்டர் செலவில் பாதி நாங்கள், இப்படி. ஹீட்டர் வந்தால் 60 டிகிரித் தண்ணீரில் பாத்திரம் கழுவலாம், எண்ணெய்ப் பிசுக்குக்குத் தண்ணீரும் சோப்பும் குறைவாக ஆகும்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், உறைந்து குழாயை அடைக்கும். திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெயில் சேரும் கெட்ட பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. டப்பாவில் சேர்த்து வைத்தால் பயோடீசலுக்கு வாங்குகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு காசு கொடுப்பார்கள்.

எஜிபுரா_மெஸ்

மூன்று பக்கெட் வேலை ஒரு வாரம் ஓடிவிட்டது. தோல், காம்பு நினைத்ததைவிடக் குறைவு. தட்டு மிச்சம் கரண்டியை மாற்றியதும் நன்றாகவே இறங்கிவிட்டது. பாத்திர மிச்சம்தான் ஒரு நாள் ஒன்றுமே இருக்காது, ஒரு நாள் மலைபோல் நிற்கும். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் மலை நிற்பதெல்லாம் அந்த அலுவலகம் எண்ணிக்கையைக் குறைத்த நாட்கள். பதினொன்றரை மணிக்குப் போன் வரும், "இன்னைக்கு நிறையப் பேர் வீட்டிலிருந்தே வேலை, நாற்பது குறைச்சு அனுப்புங்க" என்று. அதற்குள் சோறு வடித்து, சாம்பார் இறக்கி, கேரியரில் பாதி ஏற்றியாகிவிடும். வெள்ளிக்கிழமைகளில் தப்பாமல்.

முணுமுணுப்பு

ஆக, கழிவு எப்படி நிர்வகிக்கிறீர்கள் என்று படிவம் அனுப்பியவர்தான் கழிவை உண்டாக்குகிறவர். இதை அப்படியே படிவத்தில் எழுதுங்கள் அக்கா.

பெல்லந்தூர்வாசி

சிரித்துவிட்டேன், ஆனால் உண்மை. எங்கள் பக்கமும் இதே கதைதான், நாங்கள் அதைச் சப்ளையர் கணக்கில் தள்ளிவிட்டு எங்கள் அறிக்கையைச் சுத்தமாக வைத்திருப்போம். கோபமாக எழுத வேண்டாம் அக்கா, எண்ணாக எழுதுங்கள். ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், நூறு சாப்பாட்டுக்கு எத்தனை கிலோ கேஸ், ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை கிராம் கழிவு. கடைசிப் பத்தியை இரண்டாகப் பிரியுங்கள்: எண்ணிக்கை மாறாத நாள், எண்ணிக்கை மாறிய நாள். கீழே ஒரு வரி: "காலை 9 மணிக்குள் எண்ணிக்கை உறுதியானால் இரண்டாவது எண் முதல் எண்ணுக்கு வந்துவிடும்." அறிக்கை எழுதுகிறவருக்கு அந்த வரி தங்கம். அவருக்குக் காட்டுவதற்கு ஒரு முன்னேற்றம் கிடைக்கிறது, செலவே இல்லாமல்.

ஒப்பந்தத்தில் ஒரு விதியும் கேளுங்கள். 9 மணிக்குப் பிறகு குறைத்தால் குறைத்த சாப்பாட்டுக்குப் பாதி விலை.

ஸ்ரீராமபுரம்_மாஸ்டர்

பாதி விலை கேட்டால் வேறு மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள் என்று பயமாக இருந்தால், முதலில் நேரத்தை மட்டும் கேள் தாயி. காசு பிறகு.

எஜிபுரா_மெஸ்

பேசிப் பார்த்தோம். எண்களைக் காட்டியதும் அந்தப் பெண் அதிகாரி ஒரு நிமிடம் பேசவில்லை, பிறகு நோட்டைப் படம் எடுத்துக்கொண்டார். திங்கள் முதல் வியாழன் வரை 9 மணிக்கு எண்ணிக்கை சொல்ல ஒப்புக்கொண்டார்கள். பாதி விலை விஷயம் மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மட்டும் அவர்களாலேயே சொல்ல முடியாதாம், யார் வருவார்கள் என்று பத்தரைக்கு முன் தெரியாது.

அதனால் வெள்ளிக்கிழமை சோறு இல்லை என்று சொல்லிவிட்டோம். சப்பாத்தி, குருமா, தயிர்சாதம் ஒரு சின்னக் கப். குறைத்தால் சப்பாத்தி மாவு இரவுக் கடைக்குப் போய்விடும். ஏரேட்டர் நாலு வாங்கியாகிவிட்டது. மீட்டருக்குப் பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்று கேட்கிறார், டேங்கர் குழாய்க்கு எது சரி?

கணக்குப்பிள்ளை

டேங்கர் பம்பிலிருந்து வேகமாக இறங்கும் இடத்தில் இரண்டுமே தாங்காது அக்கா. தொட்டியிலிருந்து சமையலறைக்குப் போகும் குழாயில் முக்கால் அங்குலம் மாட்டச் சொல்லுங்கள். இறங்கியதை அல்சூர் ஐயா சொன்னபடி குச்சி வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.